பட்டனைச் சுற்றி ஒரு வளையம்

அந்த அலுவலகத்தில் கழிப்பறைகள் இரண்டு. முன்பெல்லாம் ஒரு கதவில் ஆண் படமும் மற்றதில் பெண் படமும் ஒட்டியிருந்தன. புதிய வடிவமைப்புத் தலைவர் வந்து சேர்ந்த வாரமே அவற்றைச் சுரண்டி எடுக்கச் சொல்லிவிட்டார். இப்போது ஒரு கதவில் ஒரு கோடு, இன்னொன்றில் ஒரு புள்ளி. கோடு யாருக்கு, புள்ளி யாருக்கு என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. உள்ளே வேலை செய்கிறவர்கள் பட்டுப் பழகிக்கொண்டார்கள். வெளியாட்கள் மட்டும், உள்ளிருந்து யாராவது வரும்வரை, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த வெற்றுச் சட்டத்தை ரசிப்பதுபோல் நின்றுகொண்டிருப்பார்கள்.

"பாருங்க, எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கறாங்க" என்று தலைவர் பூரித்தார். "நல்ல டிசைன் மனுஷனை நிறுத்தும்."

நின்றவர்கள் எதற்காகத் தவித்தார்கள் என்பது அவருக்குப் பொருட்டில்லை.

வாயைத் திறந்தால் ‘க்ளீன்’ என்பார். அதனால் பெயரே க்ளீன் சார் என்றாகிவிட்டது. முகத்துக்கு முன்னால் சார் உண்டு. முதுகுக்குப் பின்னால் வெறும் க்ளீன். அவர் மேசைமேல் எதுவுமே இருக்காது, ஒரு பேனாகூட. கையெழுத்துப் போட வேண்டி வந்தால் பக்கத்து மேசையிலிருந்து எடுத்துக்கொள்வார். போட்டு முடித்ததும், மேசைமேல் கிடந்தால் கண்ணை உறுத்தும் என்று தன் இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார். அலுவலகத்தின் பேனாக்கள் அனைத்தும் அந்த இழுப்பறையில் அடைக்கலமாகியிருந்தன. மேசை மட்டும் பளிங்கு.

அவர்கள் செய்வது வண்டி கூப்பிடும் செயலி. போனில் இடத்தைச் சொன்னால் வாசலுக்கு வண்டி வரும். அந்தச் செயலியின் பட்டன்களுக்குப் பொறுப்பாக ஒருத்தி இருந்தாள். பட்டன் என்றால் ஒரு கட்டம், அதற்குள் இரண்டு வார்த்தை, இதில் என்ன பொறுப்பு என்று தோன்றலாம். அவள் கணவனுக்கும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு பட்டனுக்கு மனிதர்களைவிட அதிகமான முகங்கள் உண்டு. சும்மா இருக்கும்போது ஒரு முகம், விரல் பட்டதும் ஒரு முகம், இப்போது அழுத்தக் கூடாது என்று மங்கிப்போன ஒரு முகம். இவற்றோடு ‘ஃபோகஸ்’ என்று இன்னொன்று.

இந்தக் கடைசி முகத்தைப் பலர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள். விரலால் தொடுகிறவருக்கு அது தேவையில்லை. எதைத் தொடுகிறோம் என்று கண் சொல்லிவிடும். விரலால் தொட முடியாதவர்கள் போனோடு ஒரு சின்ன கீபோர்டை இணைத்துக்கொள்வார்கள். டேப் கட்டையைத் தட்டத் தட்ட, ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டனுக்குப் போகலாம். வேண்டியது வந்ததும் என்டர். சரி, இப்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? அந்தப் பட்டனைச் சுற்றி ஒரு வளையம் தோன்றும். அவ்வளவுதான் ஃபோகஸ். ‘நீ இங்கே நிற்கிறாய்’ என்று சொல்லும் ஒரு கோடு.

அந்தக் கோட்டுக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பட்டனை ஒட்டிப் போட்டால் பட்டனின் ஓரம்போலவே தெரிகிறது, இடைவெளி விட வேண்டும். நீல வளையம் வெள்ளைத் திரையில் எடுப்பாக இருக்கிறது, நீலப் பட்டனில் காணாமல் போகிறது. கடைசியில் உள்ளே ஒரு வெள்ளைக் கோடு, வெளியே ஒரு கருங்கோடு என்று இரட்டையாகப் போட்டாள். எந்த நிறத்தின்மேல் வைத்தாலும் இரண்டில் ஒன்று கண்ணில் படும். இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அலுவலகம் அவளுக்கு வளையக்காரி என்று பெயர் வைத்துவிட்டது.

க்ளீன் சார் வந்ததும் கழிப்பறைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் பட்டது அந்த வளையம்.

"என்னது இது? பட்டனைக் கொசு கடிச்சு வீங்கின மாதிரி?"

"கீபோர்டு போடறவங்களுக்கு சார். எங்கே இருக்கோம்னு தெரியணும்."

"எத்தனை பேர் போடறாங்க?"

"நூத்துல ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க."

"அப்ப அந்த ஒருத்தருக்காக மிச்சம் தொண்ணூத்தொம்போது பேரும் வீக்கத்தைப் பார்க்கணுமா?"

"அவங்களுக்குத் தெரியவே தெரியாது சார். கீபோர்டு போட்டாத்தான் வரும்."

"எனக்குத் தெரியும்ல" என்றார் க்ளீன் சார், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு. "அது அங்கே ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். தூக்கம் வராது."

அவர் தூக்கத்துக்காக அடுத்த பதிப்பில் வளையம் எடுக்கப்பட்டது.

தூக்கம் போனது இன்னொருவருக்கு. வளையக்காரியின் நாத்தனார், கணவனின் அக்கா, அதே வீட்டு மாடியில் இருந்தார். வானொலியில் காலைச் செய்தி வாசிக்கிறவர். ஊர் கண்விழிப்பது அவர் குரலில்தான். மைக் முன்னால் அவர் இருமினதே கிடையாது. இருமல் வந்தால்கூட, செய்தி முடியும்வரை தொண்டையில் காத்திருந்துவிட்டுத்தான் வரும் என்று நிலையத்தில் சொல்வார்கள். நரம்புக் கோளாறு வந்தபோதும் குரலை அது தொடவில்லை. கைகளை மட்டும் பிடித்துக்கொண்டது. விரல் ‘உறுதி செய்’ பட்டனைத் தொடப் போனால் நடுங்கி மூன்று இடத்தைத் தொட்டுவிட்டு வரும். அதனால் ஒரு கீபோர்டு. உள்ளங்கையை அதன் விளிம்பில் அழுத்தி ஊன்றிக்கொண்டால் ஒரு கட்டையைத் தட்டுகிற அளவுக்குக் கை கட்டுப்படும். தட்டுவார், வளையம் நகரும், என்டர், வண்டி வரும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வளையம் போன பிறகு வந்த முதல் விடியலில் அவர் ‘உறுதி செய்’ என்று நினைத்துத் தட்டியது ‘ரத்து செய்’ ஆகிவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தெரு வெளுத்தது. வண்டி வரவில்லை. எப்படியோ அவர் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, பயிற்சிக்கு வந்திருந்த பெண் மூச்சிரைக்க வாசித்து முடித்திருந்தாள்.

நிலைய அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, காலைச் செய்தியை அந்தப் பொண்ணுக்கே குடுத்துடலாம்னு பார்க்கறேன். உங்களுக்கும் ஓய்வா இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து நாத்தனார் அந்தக் கடைசி வாக்கியத்தை நிலைய அதிகாரியின் குரலிலேயே வாசித்துக் காட்டினார். ‘ஓய்வு’ என்ற சொல்லை மட்டும் விபத்துச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார்.

"அக்கா, எதுக்குக் கஷ்டம்? போன்கிட்ட வாயால சொன்னாலே கேட்குமே" என்றான் தம்பி, அதாவது வளையக்காரியின் கணவன்.

"சொன்னேன்டா. ஊருக்கே புரியற மாதிரி வாசிக்கறவ நான். அது என்கிட்ட ‘மன்னிக்கவும், தெளிவாகப் பேசவும்’னுது."

"போன் பண்ணிக் கூப்பிடறது?"

"நம்பர் இருந்துச்சு" என்றாள் வளையக்காரி, தலையைக் குனிந்தபடி. "க்ளீன் பண்ணிட்டாங்க."

"வேற கம்பெனி?"

"அந்த நேரத்துக்கு பாலத்துக்கு இந்தப் பக்கம் வர்ற வண்டி இவ கம்பெனி வண்டி மட்டும்தான்" என்றார் நாத்தனார்.

"அப்ப நானே கொண்டு விடறேன்" என்று தம்பி எழுந்தான்.

கொண்டும் விட்டான், ஒரு வாரம். அவன் சாவி தேடுவதை ஓர் உடற்பயிற்சியாகவே செய்கிறவன். அலமாரி, சட்டைப்பை, தலையணைக்கு அடி என்று ஒரு சுற்று வந்து, கடைசியில் கதவிலேயே தொங்குவதைக் கண்டுபிடிப்பான். "இவன் கிளம்பறதுக்குள்ள செய்தி பழசாயிடும்" என்று நாத்தனார் வாசலில் நின்று பல்லைக் கடிப்பார். மயிரிழையில் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் ஆயுசு கெட்டியில்லை. அடுத்த வாரம் அவன் வேலை விஷயமாக வெளியூர் போகிறான்.

"நான் புக் பண்ணித் தர்றேன் அண்ணி" என்றாள் வளையக்காரி. "எனக்கு என்ன, படுத்தபடியே ஒரு தட்டு."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு வண்டி கூப்பிடுவே. நாளைக்கு சோறு ஊட்டுவே. நாளன்னைக்கு வர்றவங்க போறவங்ககிட்ட ‘பாவம் எங்க அண்ணி’ம்பே. இத்தனை வருஷத்துல செய்தியிலகூட நான் ‘பாவம்’ங்கற வார்த்தையை வாசிச்சதில்லம்மா. தம்பி ஊருக்குக் கிளம்பறவரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள உன் ஆபீஸ் அந்த வளையத்தைத் திருப்பிக் குடுத்தா வேலைக்குப் போறேன். இல்லேன்னா வேலை வேணாம்னு நானே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். பிடுங்கிக் குடுக்கறதைவிட அது மரியாதை."

மறுநாள் காலை வளையக்காரி க்ளீன் சார் முன்னால் போய் நின்றாள். சொந்தக் கதையைச் சொல்லவில்லை. சொன்னால், ‘ஓ, வீட்டு விஷயமா’ என்று அந்த மனிதர் அனுதாபத்தால் அதை அடக்கம் செய்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், வளையம் எடுத்ததுக்கப்புறம் கீபோர்டு போடறவங்க குறைஞ்சிருக்காங்க."

"பார்த்தீங்களா! தேவையில்லன்னு நான் அப்பவே சொன்னேன்."

"தேவையில்லாம போகல சார். முடியாம போனாங்க."

க்ளீன் சார் ஜன்னலைப் பார்த்தார். யோசிக்கிறார் என்று பொருள். அதாவது, தான் பேசப்போகும் வாக்கியத்தை ரசித்துக்கொண்டிருக்கிறார்.

"ஒரு பட்டன் தன்னைப் பத்திக் கத்தக் கூடாதும்மா. அது மூச்சு விடணும். நம்ம பக்கத்துல ஒருத்தர் மூச்சு விட்டா நமக்குத் தெரியுதுல்ல? அந்த மாதிரி."

அடுத்த மேசையில் மெக்கானிக் தும்மினான். மெக்கானிக் என்பது செயலிக்கு நிரல் எழுதுகிறவனின் பட்டப்பெயர். எல்லோரும் வரைந்து தள்ளுவதை ஓட வைப்பது அவன்தான். சிரிப்பு வந்தால் தும்முவான். நிரந்தரமாக ஜலதோஷம் பிடித்தவன் என்று க்ளீன் சார் நம்பியிருந்தார்.

இரண்டு நாள் வாதாடியதில் ஒரு சமரசம் பிறந்தது. வளையம் இருக்கலாம். ஆனால் அதன் நிறத்தை க்ளீன் சார் தேர்ந்தெடுப்பார். தேர்ந்தெடுத்தார். அதற்கு ‘பனிமூச்சு’ என்று பெயரும் வைத்தார். வெள்ளையைவிட ஒரு பொட்டு குறைவான வெள்ளை. வெள்ளைத் திரையில், தலைமயிர் தடிமனில்.

"இருக்கு. ஆனா இல்ல" என்றார், கண்ணை மூடியபடி.

"இல்ல. ஆனா இருக்கு" என்றான் மெக்கானிக், வளையக்காரியிடம் மெதுவாக. "பரிசோதனைக்கு யாராவது வந்து ‘ஃபோகஸ் இருக்கா’ன்னு கேட்டா, ‘ஓ இருக்கே’ன்னு சொல்லிக்கலாம். கல்யாண வீட்டுல மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் வந்தாச்சு."

வளையக்காரி அந்தப் பதிப்பைத் தன் போனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். நாத்தனார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, உள்ளங்கையை ஊன்றி, டேப்பைத் தட்டினார். தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார்.

"எங்கே?"

"இருக்கு அண்ணி. கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க."

"எதைச் சாய்ச்சு? போனையா, என்னையா?"

வளையக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். வளையம் அவள் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் பட்டன்களின் வரிசை அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு தட்டுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப ‘இடத்தை மாற்று’ல இருக்கீங்க... இப்ப ‘நேரம்’... இப்ப ‘ரத்து’, அழுத்தாதீங்க... இப்ப ‘உறுதி’."

நாத்தனார் அழுத்தினார். வண்டி வருவதாகத் திரை சொன்னது. அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை.

"நீ பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும்னா, நீயே அழுத்திட்டுப் போயிடலாமே" என்றார். "எழுதிக் குடுக்க நல்ல பேப்பர் ஏதாவது இருந்தா எடுத்து வை."

வளையக்காரி வண்டியை ரத்து செய்துவிட்டு, பேப்பர் எதையும் எடுத்து வைக்காமல், சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களின்மேல் கோபத்தைக் காட்டினாள்.

அந்த வாரக் கடைசி வேலைநாளில் ஒத்திகை. புதிய பதிப்பை வெளியாட்களுக்குக் காட்டும் விழா ஒன்று வரவிருந்தது. அதற்கு முன்னால் தனக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். முதலாளி ஒரு காலத்தில் தானே வண்டி ஓட்டியவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் இடது கை கியரைத் தேடும். அதிகம் பேச மாட்டார். பேசினால் வண்டியைப் பற்றித்தான் பேசுவார்.

க்ளீன் சார் விழாவை மூன்று வாரமாக மனதில் ஓட்டிப் பார்த்திருந்தார். போனில் தெரிவது சுவரளவு பெரிய திரையில் அப்படியே தெரிய வேண்டும். வெண்மை, அதில் மிதக்கும் பட்டன்கள், நடுவில் அவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. இதில் ஒரு சங்கடம்தான். பட்டனை அழுத்த விரல் வேண்டும். கேமரா வைத்துக் காட்டினால் அந்த விரல் சுவரில் ஆளுயரத்துக்குத் தெரியும்.

"விரல் கூடாது" என்றார். "நகம், ரேகை, வேர்வை... விரல்ங்கறது அழுக்கு. விரல் இல்லாம நகரணும்."

"விரல் வேணாம்னா கீபோர்டுதான் சார்" என்றான் மெக்கானிக். "மேடைக்குப் பின்னால மறைச்சு வெச்சுடலாம். தட்டினா நகரும்."

"அற்புதம்!"

மெக்கானிக் ஒரு சின்ன கீபோர்டைக் கொண்டுவந்து பேச்சாளர் மேசையின் உள்தட்டில் வைத்தான். வளையக்காரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றான் அவன். "அவர் கேட்டார், குடுத்தேன். கேட்டதைக் குடுக்கறதுதானே என் தொழில்?" பிறகு ஒரு தும்மல் தும்மினான்.

முதலாளி உள்ளே வர நேரமாயிற்று. கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் நின்றிருந்தாராம். வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்குகள் அணைந்தன. திரை, வெண்மையாக எழுந்தது. க்ளீன் சார் சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டார்.

"நிசப்தம்" என்றார். "முதலில் நிசப்தம். பிறகு ஒரு பயணம்." தட்டினார். "இதோ, நாம் கேட்காமலே நமக்காகக் காத்திருக்கும் ஒரு வண்டி. அதை உறுதி செய்கிறோம்." என்டர்.

‘உங்கள் பயணம் ரத்து செய்யப்பட்டது. மீண்டும் சந்திப்போம்!’ என்றது திரை, ஒரு சிரித்த முகத்தோடு.

"இதுவும் ஒரு அனுபவம்" என்றார் க்ளீன் சார், தயங்காமல். "ரத்து செய்வதுகூட எவ்வளவு மென்மையாக இருக்கிறது, பாருங்கள். இப்போது உறுதி."

மறுபடி முதலிலிருந்து வந்தார். தட்டினார், தட்டினார். திரையில் எதுவும் அசையவில்லை. பனிமூச்சு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது, யாருக்கும் தெரியாமல். என்டர். மறுபடி சிரித்த முகம். இன்னொரு தடவை. இந்த முறை ‘ஓட்டுநர்மீது புகார் அளிக்க’ என்ற பக்கம் திறந்துகொண்டது.

"யார்மேல புகார் பண்றீங்க?" என்று கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"யார்மேலயும் இல்ல சார்... ஒரு நிமிஷம்." பின்னால் போகத் தட்டியதில் புகார் அனுப்பப்பட்டுவிட்டது. ‘உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்’ என்றது திரை.

க்ளீன் சாரின் கழுத்தில் வேர்வை துளிர்த்தது. அவர் வளையக்காரி இருந்த பக்கம் தலையைச் சாய்த்து, தன்னிடம் மட்டும் சொல்லிக்கொள்வதுபோல் கேட்டார்.

"நான் இப்ப எங்கே இருக்கேன்?"

காலரில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். ‘நான் இப்ப எங்கே இருக்கேன்’ என்று நாலு மூலையிலிருந்தும் அறை கேட்டது. ஞானிகள் காலங்காலமாகக் கேட்ட கேள்வி. ஆனால் அவர்களுக்கு இவ்வளவு நல்ல ஸ்பீக்கர் கிடைத்ததில்லை.

"மீட்டிங் ரூம்ல" என்றார் முதலாளி.

மெக்கானிக் தும்மவில்லை. தும்மலுக்கு அடங்காத நிலையில் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

வளையக்காரி சும்மா இருந்திருக்கலாம். வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல இடம் அவளுக்கு இந்த வேலையில் இனிக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அந்த மங்கலான வெளிச்சத்தில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டாள். வாசலில் குடையோடு நின்ற நாத்தனாரின் முகம் அது. எல்லாம் சரியாகத்தானே செய்தேன் என்று திகைத்து நிற்கும் முகம். அவளையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"முகப்புக்கு வந்துட்டீங்க சார். தட்டுங்க. இப்ப ‘இடத்தை மாற்று’ல இருக்கீங்க. தட்டுங்க... ‘நேரம்’. தட்டுங்க... இது ‘ரத்து’, அழுத்தாதீங்க. இன்னொண்ணு... இப்ப ‘உறுதி’. அழுத்துங்க."

அழுத்தினார். ‘வண்டி வந்துகொண்டிருக்கிறது’ என்றது திரை. குழந்தைக்குப் பல் முளைத்ததுபோல் அறை முழுக்க ஒரு நிம்மதி.

விளக்குப் போட்டார்கள். முதலாளி எழுந்து முன்னால் வந்தார். திரையை அருகில் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அந்தம்மா இப்ப வாயால சொல்லுச்சே, இங்க இருக்கீங்க, இங்க இருக்கீங்கன்னு. அதைத் திரையே சொல்லாதா?"

"சொல்லிட்டிருந்துச்சு சார்" என்றாள் வளையக்காரி. "ஒரு வளையம். கையால தொட முடியாதவங்க இதை வெச்சுத்தான் எங்க இருக்கோம்னு பார்ப்பாங்க. எங்க வீட்டுலயே ஒருத்தங்க இருக்காங்க. அதை எடுத்ததுல ஒரு நாள் வேலைக்குப் போக வண்டி கிடைக்காம நின்னாங்க."

"நம்ம வண்டியா?"

"நம்ம வண்டிதான் சார்."

முதலாளியின் இடது கை கியரைத் தேடியது. சவாரிக்கு ஆள் வாசலில் காத்து நின்றது, வண்டி போகாமல் இருந்தது என்பது அவருக்கு ஒரு டிசைன் விஷயமாகத் தெரியவில்லை. அவர் வாயைத் திறக்க, அதற்குள் க்ளீன் சார் ஓரடி முன்னால் வந்துவிட்டார். அந்த மனிதரின் வேர்வை அதற்குள் எப்படிக் காய்ந்தது என்பது இன்றுவரை விளங்காத ஒன்று.

"அதைத்தான் சார் நான் காட்டினேன்" என்றார். "வளையம் இல்லாட்டி மனுஷன் எவ்வளவு தவிப்பான்னு நீங்க உணரணும்னுதான் அப்படியே நடிச்சுக் காட்டினேன். அடுத்தது, அதுக்கான தீர்வு." பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, காற்றில் ஒரு வட்டம் போட்டார். "ஒளிவட்டம்."

மேசைக்கு அடியிலிருந்து தலையை எடுத்த மெக்கானிக் மறுபடி அடிக்கே போனான்.

"பேர் எதுவோ வைங்க" என்றார் முதலாளி. "கடைசி நாற்காலியிலருந்து எனக்குத் தெரியணும். திங்கட்கிழமை எல்லாருக்கும் விட்டுடுங்க." கதவருகே போனவர் திரும்பினார். "அப்படியே அந்த ரெண்டு கதவுல எது எதுன்னும் ஏதாவது போட்டு விடுங்க. நானும் ரொம்ப நேரம் நின்னேன்."

வெள்ளையும் கருப்புமாக, இடைவெளி விட்டு, அவளுடைய இரட்டை வளையம் அப்படியே திரும்பி வந்தது. அலுவலகச் சுவரில் க்ளீன் சாரின் படத்தோடு ஒரு பெரிய தட்டி வைத்தார்கள்: ‘ஒளிவட்டம் — ஒரு தரிசனம்’. படத்தில் அவர் தலைக்குப் பின்னாலும் ஒரு வளையம் போட்டிருந்தது. அதைப் போட்டது யார் என்று மெக்கானிக்கிடம் யாரும் கேட்கவில்லை.

"உங்க புள்ளைக்குப் பேரும் மாத்தி, அப்பனையும் மாத்திட்டாங்களே. கோபம் வரலையா?" என்றான் அவன்.

"தடிமனைக் குறைச்சாரா?"

"கேட்டார். முதலாளி பேரைச் சொன்னேன், விட்டுட்டார்."

"அப்ப யார் புள்ளையா இருந்தா என்ன" என்றாள் வளையக்காரி. ஆனால் தட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் சற்று வேகமாகவே நடந்தாள்.

திங்கட்கிழமை மாலை நாத்தனார் போனையும் கீபோர்டையும் வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தார். அறைக்குள் தெரிவதெல்லாம் தெரிவதல்ல என்பது அவர் கட்சி. உள்ளங்கையை மதில்மேல் ஊன்றி, தட்டினார். வளையம் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. இன்னொரு தட்டு, இன்னொரு தாவல். வளையக்காரி வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

"தெரியுது" என்றார் நாத்தனார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அழகா இல்ல" என்றார்.

"வேணும்னா கொஞ்சம் மெலிசாக்கச் சொல்றேன் அண்ணி."

"அதுமேல கையை வெச்சே, கையைக் கடிச்சிடுவேன்."

தம்பி அன்றைக்கே ஊருக்குக் கிளம்பினான், சாவியை மட்டும் தேடிவிட்டு.

மறுநாள் விடியலில் மாடியில் கட்டைகள் தட்டப்படும் சத்தம் கேட்டு வளையக்காரி விழித்தாள். டேப். டேப். நீண்ட இடைவெளி. எழுந்து மாடிப்படி வரைக்கும் போனாள். முதல் படியில் காலையும் வைத்தாள். பிறகு அந்தக் காலை எடுத்து, அதற்கு வேறு வேலை கொடுப்பதுபோல், சமையலறைக்கு நடத்திக் கூட்டிப்போனாள். தண்ணீரை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதிப்பதற்கு முன் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், அவ்வளவுதான். போய்வருகிறேன் என்றுகூட நாத்தனார் சொல்லவில்லை. தினம் வேலைக்குப் போகிறவர்கள் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

அவள் வானொலியைப் போட்டாள். சரியான நேரத்துக்கு அந்தக் குரல் வந்தது. பாலத்தில் பராமரிப்பு வேலை, இரண்டு நாடுகளின் பேச்சுவார்த்தை, காய்கறி விலை. எதிலும் ஒரு நடுக்கம் இல்லை. பிறகு, நிலையத்துக்கு விளம்பரம் தருகிறவர்கள் அனுப்பும் செய்திகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் கடைசிப் பகுதி.

"கைகளைப் பயன்படுத்த இயலாதவர்களும் எளிதில் வண்டி அழைக்கும் வகையில், பொத்தான்களைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும் புதிய முறை, உலகிலேயே முதன்முறையாக அறிமுகப்படுத்தப்பட்டுள்ளதாக நிறுவனம் ஒன்று தெரிவித்துள்ளது" என்று வாசித்தார் நாத்தனார். ‘தெரிவித்துள்ளது’ என்பதில் மட்டும் ஒரு சின்ன அழுத்தம். "பல்லாண்டுத் தவத்தின் பயனாக இதைக் கண்டுபிடித்தவர், அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர், திரு—"

இருமினார்.

மைக் முன்னால் ஒருநாளும் வராத இருமல், நிதானமாக, ஒரு மனிதருடைய முழுப் பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு வந்து போனது. சமையலறையில் வளையக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிக்கவும்" என்றது வானொலி, மன்னிப்புக் கேட்கும் உத்தேசமே இல்லாத குரலில். "அடுத்து, வானிலை."